எடுக்கக் கூடாத அழைப்பு

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் கோபித்துக்கொள்வார் என்பதல்ல காரணம். தன் பெயரை அச்சில் பார்த்தால் அந்தத் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார், அவ்வளவுதான். ஏன் எழுதினாய் என்று கேட்க மாட்டார். எவரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவரை நான் அறிந்திருந்தது ஐந்து மாதங்கள். அந்த ஐந்து மாதங்களில் என்னிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி. அதையே தினமும் கேட்டார்.

"தூங்குனியா?"

தில்லி கேள்விகளால் பழகுகிற நகரம். எந்த மாநிலம், எந்த அமைச்சகம், அரசுக் குடியிருப்பா வாடகை வீடா, கணவருக்கு எங்கே வேலை, மாமியார் கூட இருக்கிறாரா என்று ஒரு பேருந்து நிறுத்தத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒருவருடைய வாழ்க்கையையே வாங்கிவிடுவார்கள். அதில் தீய நோக்கம் ஒன்றுமில்லை. ஆனால் சொல்லிக்கொள்ளும்படியான பதில்கள் கையில் இல்லாதபோது அந்த அன்பும் ஒரு விசாரணைபோல ஆகிவிடுகிறது.

அப்போது என்னிடம் அப்படிப்பட்ட பதில்கள் இல்லை. தில்லியின் துவாரகைப் பகுதியில் ஓர் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தேன். ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. கணவர் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் பொறியாளர். அருணாச்சலப் பிரதேச மலைகளுக்கு நடுவே அணைக்கட்டு வேலையில் இருந்தார். அவருக்கு விடுப்பு பிரசவத் தேதியை ஒட்டித்தான் கிடைக்கும் என்று சொல்லிவிட்டார்கள். திருச்சியில் என் அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அம்மா அவரை விட்டு வர முடியாது. நான் அங்கே போய் அம்மாவுக்கு இன்னொரு நோயாளியாக முடியாது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கத்தை நாங்கள் மூவரும் தொலைபேசியில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் கைவிட்டோம்.

ஓர் அமைச்சக நூலகத்தில் உதவி நூலகராக இருந்தேன். பேறுகால விடுப்பு ஆறு மாதம். முன்னால் எடுக்கும் ஒவ்வொரு நாளும் குழந்தையின் கணக்கிலிருந்து கழியும் நாள் என்பதால், முடிந்தவரை கடைசி வாரம் வரை வேலைக்குப் போவது என்று தீர்மானித்திருந்தேன். ராஜீவ் சௌக்கில் ரயில் மாறும் கூட்டத்தில் வயிற்றைக் கைகளால் பொத்திக்கொண்டு நின்ற ஒரு காலையோடு மெட்ரோவை விட்டுவிட்டு, துவாரகையிலிருந்து ஆர்.கே.புரம் வழியாக ஐ.டி.ஓ. வரை போகும் சார்ட்டர்ட் பேருந்தில் சேர்ந்தேன்.

சார்ட்டர்ட் பேருந்து என்பது அரசு ஊழியர்கள் மாதச் சந்தாவில் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளும் தனியார் வண்டி. அதில் இருக்கைகளுக்கு எண் கிடையாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஆள் உண்டு. பதினைந்து வருடம், இருபது வருடம் ஒரே இருக்கையில் அமர்ந்து ஓய்வு பெற்றுப் போனவர்கள் இருக்கிறார்கள். இது எனக்குத் தெரியாது. முதல் நாள் துவாரகையில் வண்டி ஏறக்குறையக் காலியாக இருந்தது. இடப்பக்கம் மூன்றாம் வரிசை ஜன்னலோரத்தில் போய் உட்கார்ந்தேன். பாலம் என்ற நிறுத்தத்திலும் அதன் பிறகும் ஏறியவர்கள் ஒவ்வொருவரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையில் பின்னல் ஊசிகளோடு அமர்ந்திருந்த பஞ்சாபிப் பெண்மணி முன்னால் வந்து என் தோளைத் தொட்டு, தணிந்த குரலில் சொன்னார்.

"பேட்டா, யே மேடம் கி சீட் ஹை." மேடத்தின் இருக்கையாம்.

நான் எழுவதற்குள் வண்டி ஆர்.கே.புரத்தில் நின்றுவிட்டது. மேடம் ஏறினார். ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு வயதிருக்கும். மெலிந்த உயரமான உருவம். பருத்திப் புடவையின் மேல் ஆண்கள் அணியும் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. தன் இருக்கைக்கு அருகில் வந்து நின்றார். பின்வரிசை எட்டிப் பார்த்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், மடியில் இருந்த தமிழ்ப் புத்தகத்தைப் பார்த்தார்.

"தமிழ்ப் புள்ள," என்றார். கேள்வியாக அல்ல, பொருள் ஒன்றின் மேல் சீட்டு ஒட்டுவதுபோல.

"மன்னிச்சுக்குங்க மேடம். தெரியாம உக்காந்துட்டேன்." எழ முயன்றேன்.

"இரி. அந்தச் சீட்டுல உக்காந்தா தூங்கணும். முழிச்சிருக்கதுன்னா பின்னால எடம் கெடக்கு."

பக்கத்தில் அமர்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராக முன்னால் பார்க்கத் தொடங்கினார். என்ன செய்வதென்று தெரியாமல், பரீட்சைக்கு உட்கார்ந்த பிள்ளைபோலக் கண்ணை மூடினேன். திறந்தபோது வெயில் முகத்தில் அடித்தது. அவர் ஜன்னல் திரையை விலக்கிவிட்டு இறங்குவதற்காக எழுந்து நின்றிருந்தார்.

"ஒனக்கு இன்னும் ரெண்டு ஸ்டாப்பு. கண்ண மட்டும் தொறந்து வச்சுக்க."

நான் எங்கே இறங்க வேண்டும் என்று அவருக்கு நான் சொல்லவே இல்லை. என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் படித்திருக்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது. கேட்டுத் தெரிந்துகொள்ளாதவர்கள் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். அவருடைய கண்ணில் படாமல் எதுவும் போகாது.

அன்றிலிருந்து அந்த இருக்கை என்னுடையதாயிற்று. காலையில் முப்பத்தைந்து நிமிடத் தூக்கம். எழுப்புவதில் அவருக்கு ஒரு முறை உண்டு. தொட மாட்டார், பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். வெயில் இருந்தால் திரையை விலக்குவார். மூடுபனி நாள்களில் என் கம்பளிச் சட்டையின் கையை ஒரே ஒரு முறை மெல்ல இழுப்பார். தூங்குகிறவர்களை உலுக்கி எழுப்புவதைக் கண்டால் அவருக்கு ஆகாது. ஒரு முறை ஓட்டுநரான சர்தார்ஜி, தூங்கிய பயணி ஒருவரைத் தட்டி எழுப்பியபோது இவர் மூன்றாம் வரிசையிலிருந்து திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அந்த சர்தார்ஜி, தூங்கியவரிடமே மன்னிப்புக் கேட்டார்.

பின்வரிசைப் பெண்கள் காலையில் கைதட்டிப் பஜனை பாடுவார்கள். அது பல வருட வழக்கம். ஏழாம் மாதத்தில் ஒரு நாள் அவர் எழுந்து நின்று தன் திருநெல்வேலி இந்தியில் அறிவித்தார்.

"கானா ஹை தோ தீரே காவோ. அந்தர் வாலா ஸோ ரஹா ஹை."

பாடுவதானால் மெதுவாகப் பாடுங்கள், உள்ளே இருப்பவர் தூங்குகிறார் என்று. பேருந்தே சிரித்தது. அதன் பிறகு கடவுள்களை அவர்கள் தாலாட்டும் குரலில்தான் அழைத்தார்கள்.

அந்தப் பெண்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். குங்குமப்பூப் பால், வெந்நீரில் கால், தலையணைக்கு அடியில் கத்தி. சொல்லி முடித்ததும் அந்த ஒரு கேள்வி வரும்: மா கப் ஆ ரஹீ ஹை? அம்மா எப்போது வருகிறார்? முதல் முறை கேட்டபோது, அடுத்த வாரம் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் யோசிக்கிறேன். வரவில்லை என்றால் இரக்கம் வரும். இரக்கத்தைத் தொடர்ந்து இன்னும் பத்துக் கேள்விகள் வரும். அடுத்த வாரம் என்பது ஐந்து வாரங்கள் நீண்டது. ஒவ்வொரு முறையும் அவர் பக்கத்தில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். முன்னால் பார்த்த பார்வை மாறவில்லை.

டிசம்பரில் ஒரு நாள் பஞ்சாபிப் பெண்மணி மறுபடியும் கேட்க வாயெடுத்தபோது, நான் பேசுவதற்கு முன் இவர் பதில் சொன்னார்.

"மதராஸ் கி காடி கேன்சல். கோஹரா."

மூடுபனியில் ரயில் ரத்து. தில்லிக் குளிர்காலத்தில் அதைவிட நம்பத் தகுந்த சொல் வேறில்லை. "ஹாய், பேச்சாரி!" என்று பாவப்பட்டு அவர்கள் உச்சுக்கொட்டினார்கள். இவர் என்னிடம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"பிப்ரவரி வரைக்கும் பனி இருக்கு. ஒங்கம்மைய நான் பாத்துக்கிடுதேன்."

என் பொய்யை அவர் கண்டுபிடித்ததைவிட, அதைக் கையில் எடுத்துத் தானே பராமரிக்கத் தொடங்கியதுதான் என்னைக் கலங்கடித்தது. சிரித்தேன், சிரிப்பு பாதியில் வேறாகிவிட்டது. கர்ச்சீப்பை எடுப்பதற்குள் அவர் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டிருந்தார்.

அதற்குள் 'மேடம்' போய் 'அக்கா' ஆகியிருந்தது. தைரியம் வந்து ஒரு மாலை கேட்டேன்.

"ஏன்க்கா நீங்க யாரையும் எதுவும் கேக்கறதே இல்ல?"

"கேட்டா அவுக பதில் சொல்லணும்லா. அதுக்குத் தெம்பு வேணும். இருக்கவுக சொல்லட்டும்."

"என்னைத் தூங்கினியான்னு மட்டும் கேக்கறீங்க."

"அதுக்குத் தெம்பு வேண்டாம். மூஞ்சியிலயே எழுதியிருக்கு. சும்மா சரிபாக்கதுதான்."

உண்மையில் என் முகத்தில் எழுதியிருந்தது. எட்டாம் மாதம் பிறந்ததும் இரவுத் தூக்கம் என்னை விட்டுப் போயிருந்தது. மல்லாந்து படுக்காதே, இடப்பக்கம் படு என்றார் மருத்துவர். இடப்பக்கம் படுத்தால் இடுப்பெலும்பு கட்டையில் கிடத்தியதுபோல வலித்தது. முழங்கால்களுக்கு இடையில் ஒரு தலையணை, முதுகுக்கு ஒன்று, வயிற்றுக்கு அடியில் மடித்த போர்வை. இந்தக் கோட்டையைக் கட்டி முடித்துக் கண் செருகும் நேரத்தில் சிறுநீர் முட்டும். கோட்டையைக் கலைத்து, குளிர்ந்த தரையில் நடந்து, திரும்பி வந்து மீண்டும் கட்ட வேண்டும். நெஞ்செரிச்சலுக்கு உயர்த்திப் படுத்தால் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொள்ளும். இழுத்துவிட ஆளில்லாமல், எட்டாத காலைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்திருக்கிறேன். பகலில் நூலகத்தில் அட்டவணை எண்கள் கண்முன் மிதந்தன. ஒரு புத்தகத்தைத் தவறான அடுக்கில் வைத்துவிட்டு, அதே புத்தகத்தை அரைநாள் தேடினேன்.

ஆனால் இவையெல்லாம் பாதிக் காரணங்கள். மீதிப் பாதியை மருத்துவரிடம்கூட நான் சொல்லவில்லை. தூங்குவதற்கு எனக்குப் பயமாக இருந்தது. களைப்பில் பிணம்போலத் தூங்கிவிட்டால், வலி வந்து, அல்லது வேறு ஏதாவது நேர்ந்து, எழுந்திருக்க முடியாமல் போனால், அந்தத் தாழிட்ட கதவுக்குப் பின்னால் நானும் குழந்தையும் கிடப்பது யாருக்கு எப்போது தெரியும்? வேலைக்கு வரவில்லையே என்று நூலகத்தில் நினைக்க மதியமாகும். கணவருக்கு மலையில் தொடர்பு கிடைக்க இரண்டு நாளாகும். காவலுக்கு என்னைத் தவிர ஆளில்லாததால் நானே விழித்திருந்தேன்.

ஜனவரி தொடக்கத்தில் ஒரு மாலை. சாலை நெரிசலில் பேருந்து நகராமல் நின்றது. ஆறு மணிக்கே இருட்டிவிட்டிருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவேளை அதனால்தான், நான் முழுவதையும் சொன்னேன். அவர் சிவப்பு விளக்குகளைப் பார்த்தபடி கேட்டார். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ஆர்.கே.புரம் வந்தது, "வாரேன்" என்று இறங்கிப் போய்விட்டார். அன்றிரவு, சொல்லியிருக்க வேண்டாம் என்று வருந்தியபடி விழித்திருந்தேன்.

மறுநாள் காலை வந்து உட்கார்ந்ததும் சொன்னார்.

"நாலரைக்கு எனக்குத் தண்ணி வரும். மோட்டரப் போட எந்திரிப்பேன். அப்ப ஒனக்கு ஒரு மிஸ்டு கால் குடுக்கேன். எடுக்காத. எடுத்தாப் பேசணும், தூக்கம் கலஞ்சிரும். திருப்பி ஒரு மிஸ்டு கால் குடுத்துட்டுக் கண்ண மூடிக்க."

"திருப்பிக் கொடுக்கலேன்னா?"

"வாரேன்."

"அக்கா, இது உங்களுக்கு..."

"வீட்டுச் சாவி ரெண்டு இருக்கும். ஒண்ணக் குடு. அட்ரஸ எழுதிக் குடு, எத்தன மாடின்னு சேத்து எழுது." கைப்பையின் உள்ளறையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். "முழிச்சிருக்க வேலைய நான் பாத்துக்கிடுதேன். நீ ஒன் வேலையப் பாரு."

மாற்றுச் சாவி என்னிடமே இருந்தது. கொடுத்தேன்.

சின்ன ஏற்பாடுதான். அன்றிலிருந்து இரவில் உள்தாழ் போடாமல் சாவிப் பூட்டை மட்டும் போட்டேன். கைபேசி தலையணைக்குப் பக்கத்தில் ஒரு முறை அதிர்ந்து அடங்கும். இருட்டில் தடவி நானும் ஒரு முறை அழைத்துத் துண்டிப்பேன். ஒரு சொல் கிடையாது. ஆனால் அதற்குப் பிறகு என் இரவுக்கு ஒரு கரை இருந்தது. காலை நாலரை வரைதான் நான் தனி. இடுப்பு வலியும் நெஞ்செரிச்சலும் அப்படியே இருந்தன. அவற்றுக்கு நடுவே துண்டு துண்டாகத் தூங்கினேன். பேருந்தில் கேள்வி வரும்போது, "ரெண்டு மணி நேரம்க்கா", "மூணு" என்று மதிப்பெண் சொல்வதுபோலச் சொன்னேன். அவர் தலையசைத்துக்கொள்வார்.

ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் கண் விழித்தேன். அறையில் நன்றாக வெளிச்சம் இருந்தது. கடிகாரம் எட்டேகால் காட்டியது. கட்டிலுக்கு எதிரே பிரம்பு நாற்காலியில் குரங்குக் குல்லாவும் மப்ளருமாக ஓர் உருவம் அமர்ந்திருந்தது. கால்களில் காலுறை மட்டும் இருந்தது. காலணிகளை வெளியே கழற்றி வைத்திருந்தார்.

"அக்கா!"

"மெதுவா. எடப்பக்கமா ஊனி எந்திரி."

"எப்ப வந்தீங்க?"

"ஆறு இருக்கும்."

"ஆட்டோவா? இந்தப் பனியிலயா?"

"ஆட்டோக்காரன் எவன் வாரான். பால் வண்டி போச்சு. நிப்பாட்டி ஏறிட்டேன். நல்ல மனுசன், கேட்டு வரைக்கும் விட்டான். பேத்தி பொறக்கப் போவுதுன்னு சொன்னேன்."

கைபேசியை எடுத்துப் பார்த்தேன். நாலரைக்கு ஒன்று, நாலே முக்காலுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று. மூன்றும் எடுக்கப்படாத அழைப்புகள். ஒன்றுகூட என் காதில் விழவில்லை.

"எழுப்பியிருக்கலாமேக்கா. ரெண்டு மணி நேரமா உக்காந்திருக்கீங்க."

"மூக்குப் பக்கத்துல கைய வச்சுப் பாத்தேன். மூச்சு வந்துச்சு. பெறவு எதுக்கு எழுப்ப?" நாற்காலியிலிருந்து எழுந்தபடி கேட்டார். "தூங்குனியா?"

"தூங்கினேன்க்கா."

"தெரியுது. கொறட்ட வேற."

அவர் முகத்தில் சிரிப்பை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். சமையலறையில் என் வாளிகளும் குடங்களும் நிரம்பியிருந்தன. அவர் வீட்டில் அன்று தண்ணீர் பிடிக்கவில்லை என்பது எனக்கு உறைத்தபோது அவர் காலணி மாட்டிக்கொண்டிருந்தார். "நாளைக்கும் வரும்லா" என்றார்.

மூன்றாம் வரிசையின் இரண்டு இருக்கைகளும் ஒரே நாளில் காலியாக இருந்ததைப் பார்த்துப் பேருந்து தன் முடிவுக்கு வந்துவிட்டது. அன்று காலை பின்வரிசை மாதக்கணக்கில் அடக்கி வைத்திருந்த குரலெல்லாம் திறந்து பாடியதாம். மறுநாள் நான் அதே வயிற்றோடு ஏறியபோது பஞ்சாபிப் பெண்மணி கையில் லட்டுப் பெட்டியோடு திகைத்து நின்றார். "அபி தக் அந்தர் ஹை?" என்றார். ஆமாம், இன்னும் உள்ளேதான் இருந்தாள். லட்டைத் தின்றோம்.

ஜனவரிக் கடைசியில் கணவர் வந்தார். வந்த மூன்றாம் நாள் மகள் பிறந்தாள். அக்கா மருத்துவமனைக்கு ஒரு முறை வந்தார். எல்லோரும் கம்பளித் தொப்பியும் வெள்ளிக் கொலுசும் கொண்டுவந்தார்கள். அவர் கொண்டுவந்தது கனத்த கறுப்புத் துணியில் தைத்த இரண்டு ஜன்னல் திரைகள். "இனிமே பகல்லதான் ஒனக்கு ராத்திரி" என்றார்.

நாலரை அழைப்பு நிற்கவில்லை. முதல் இரண்டு வாரம் நானும் திருப்பி அழைத்தேன். அந்த நேரத்தில் எப்படியும் விழித்துத்தான் இருந்தேன். பிறகு ஒரு நாள் அவரை அழைத்து, "இவர் கூட இருக்கார்க்கா, அடுத்து மாமியாரும் வராங்க. இனிமே நீங்க சிரமப்பட வேண்டாம்" என்றேன்.

"சரி," என்றார்.

மறுநாளும் அழைத்தார். குழந்தை விழித்துவிடுமே என்று கைபேசியை ஒலியின்றி வைத்தேன். காலையில் திரையில் '4.30' என்று ஒரு குறிப்பு இருக்கும். அதை விரலால் தள்ளிவிட்டு வேறு வேலை பார்ப்பேன். பழக்கதோஷம் என்று எண்ணிக்கொண்டேன். ஏன் இன்னும் அழைக்கிறீர்கள் என்று கேட்கவில்லை.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் மணமானவரா, கணவரை இழந்தவரா, எனக்குத் தெரியாது. ஆர்.கே.புரத்து வீட்டில் அவரோடு யாராவது இருந்தார்களா என்பதும் தெரியாது. கேட்காமல் இருப்பது அவருடைய கண்ணியம் என்று ரசித்தேன். பிறகு அதையே நானும் கடைப்பிடித்தேன். யாரும் தன்னைக் கேட்காமல் இருப்பது அவருக்குப் பிடிக்கும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். எனக்கு அது மிகவும் வசதியாக இருந்தது.

மார்ச் மாதம் ஒரு மதியம், வேறெதற்கோ கைபேசியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அந்தக் குறிப்பு இல்லை என்பதைக் கவனித்தேன். அன்று இல்லை. முந்தின நாளும் இல்லை. எண்ணிப் பார்த்தேன். நான்கு நாள்களாக இல்லை.

அழைத்தேன். ஆண் குரல் எடுத்தது. திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் தம்பி என்றது. அக்கா குளியலறையில் தண்ணீர் பிடிக்கப் போனபோது வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது; நான்கு நாள் முன்பு விடியற்காலை விழுந்தவர்; வாசல் கதவு உள்ளே தாழிட்டிருந்தது; வேலைக்கார அம்மா ஒன்பதரைக்கு வந்து கூப்பிட்டுப் பார்த்து, ஆளைக் கூட்டிக் கதவை உடைத்தார்கள் என்று சொன்னது.

அன்று மாலையே குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். கம்பளிச் சட்டை இல்லாமல் அவரை அன்றுதான் பார்த்தேன். தோள்கள் மிகச் சிறியவையாக இருந்தன. ஊருக்குக் கூட்டிப்போவதற்குத் தம்பி ஏற்பாடுகள் செய்துகொண்டிருந்தார். அக்கா ஒரு கையை நீட்டினார். குழந்தையை அந்தப் பக்கமாகக் கிடத்தினேன்.

"அக்கா," என்றேன், "அன்னிக்கு உங்க மிஸ்டு கால் வரலேன்னு நான் பாக்கவே..."

அவர் என்னை முடிக்க விடவில்லை. குழந்தையின் உள்ளங்கைக்குள் தன் சுண்டுவிரலைக் கொடுத்துக்கொண்டே கேட்டார்.

"தூங்குனியா?"

எந்த நாளைப் பற்றிக் கேட்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. பொய் சொல்லியிருக்கலாம். என் பொய்களைப் பராமரித்தவரிடம் பொய் சொல்ல வரவில்லை.

"தூங்கினேன்க்கா. அன்னிக்குத்தான் பாப்பா மொத மொதல்ல சேந்தாப்ல தூங்கினா. ஒரு மணியிலேர்ந்து ஏழு மணி வரைக்கும். நானும் தூங்கிட்டேன்."

அவர் கொஞ்ச நேரம் கணக்குப் பார்த்தார். பிறகு தலையசைத்தார்.

"அப்பச் சரி."

அது மன்னிப்பு என்று அன்று நான் எடுத்துக்கொள்ளவில்லை, இன்றும் எடுத்துக்கொள்வதில்லை. அந்த ஆறு மணி நேரம் வீண் போகவில்லை என்று அவர் உண்மையாகவே நிம்மதி அடைந்தார் என்றுதான் தோன்றுகிறது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

கிளம்பும்போது தம்பியிடம் கைப்பையை எடுத்துத் தரச் சொன்னார். உள்ளறையைத் திறந்து, என் வீட்டு முகவரி எழுதிய தாளையும் அதில் சுற்றியிருந்த சாவியையும் எடுத்தார்.

"இது ஒன்னோடது," என்றார்.

வாங்கிக்கொண்டேன். திருப்பிக் கொடுக்க அவருடைய சாவி என்னிடம் இல்லை.